ஒரு நுகத்தில் இரு காளைகள்: கணினி விளையாட்டில் இரட்டை வரைகலை அட்டைகள்

சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரத்திற்கு மலாய் மொழியில் கிரேத்தா ஆயர் என்று பெயர். தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். குழாய் நீர் வருவதற்கு முன்னர், ஆன் சியாங் குன்றின் கிணறுகளிலிருந்து எடுத்த நீரை மாட்டு வண்டிகள் அவ்வட்டாரத்திற்கு ஏற்றிவந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. சீனரும் தம் மொழியில் அவ்விடத்தை மாட்டுவண்டி நீர் என்றே வழங்குகின்றனர். தமிழர் மிகுதியாகக் கூடும் தேக்காவிற்கும் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றொரு பழம்பெயர் உண்டு. வண்டிகளும் மாடுகளும் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும், ஒரு மாட்டால் இழுக்க முடியாத சுமையை இரண்டைப் பூட்டி இழுக்கச் செய்யலாமா என்னும் பழைய வினா மறையவில்லை. முற்றிலும் வேறான ஒரு துறையில், சைனாடவுனிலேயே தோன்றிய ஒரு நிறுவனத்தின் பொருள்கள் வாயிலாகவும் அது மீண்டும் எழுந்தது. அத்துறை கணினி விளையாட்டு. பூட்டப்பட்டவை வரைகலை அட்டைகள்.

ஒரு கணினிக்குள் இரண்டு வரைகலை அட்டைகளைப் பொருத்தினால் விளையாட்டு இரு மடங்கு விரைவாக நடைபெறுமா? பிள்ளைக்குக் கணினி வாங்கித்தரச் சிம் லிம் ஸ்குவேருக்குச் செல்லும் தந்தையின் காதில் இக்கேள்வி இன்றும் விழக்கூடும். இதற்கு 1998ஆம் ஆண்டில் கிடைத்த விடை ஒன்று. 2021ஆம் ஆண்டில் கிடைத்த விடை வேறொன்று. விளையாட்டில் கைவிடப்பட்ட அதே முறை, கணினிக்கு மொழி கற்பிக்கும் பணியில் இன்று இன்றியமையாததாக விளங்குகிறது. ஒரே முறை ஓரிடத்தில் தோற்று மற்றோரிடத்தில் வென்றது ஏன் என்பது ஆராயத்தக்கது.

பேர்ல்ஸ் சென்டரில் ஒரு கடை

1981ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று, சிம் வோங் ஹூ என்பவர் தம் நண்பர் இங் காய் வா என்பவருடன் சேர்ந்து கிரியேட்டிவ் டெக்னாலஜி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். சைனாடவுனில் இருந்த பேர்ல்ஸ் சென்டர் என்னும் கட்டடத்தில், கணினிகளைப் பழுதுபார்க்கும் சிறு கடையாகவே அது தோன்றியது. 1986இல் அந்நிறுவனம் கியூபிக் சி.டி. என்னும் கணினியை உருவாக்கியது. வண்ணப் படம், ஒலி, சீன எழுத்து ஆகியவற்றில் அது கருத்துச் செலுத்தியபோதிலும் வாணிகத்தில் வெற்றி பெறவில்லை. 1989இல் வெளிவந்த சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டையே உலகெங்கும் அதற்குப் புகழ் தேடித்தந்தது. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் என்ற சிறப்பையும் அது பெற்றது. சிம் வோங் ஹூ 2023ஆம் ஆண்டு ஜனவரியில் தமது 67ஆம் வயதில் காலமானார். அவர் கடை வைத்திருந்த பேர்ல்ஸ் சென்டர், எம்.ஆர்.டி. இரயில் பாதைப் பணிக்காக அதற்கு முன்னரே இடிக்கப்பட்டுவிட்டது.

ஒலியால் பெயர்பெற்ற இந்நிறுவனம் படத்துறையிலும் இறங்கியது. 3டி பிளாஸ்டர் என்ற பெயரில் அது பல வரைகலை அட்டைகளை விற்றது. அவற்றுள் 1998இல் வெளிவந்த 3டி பிளாஸ்டர் வூடு 2 என்பதே இக்கட்டுரைப் பொருளுக்கு உரியது. அதன் சில்லுகளை அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த 3டிஎஃப்எக்ஸ் என்னும் நிறுவனம் வடிவமைத்தது. ஓர் அட்டையை வாங்கிப் பொருத்தியவர், விரும்பினால் அதே போன்ற இரண்டாம் அட்டையையும் வாங்கி முதலாவதனுடன் இணைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு.

வரைகலை அட்டையின் பணி யாது?

கணினி விளையாட்டில் தோன்றும் வீடு, மரம், மனிதன் அனைத்தும் கணினியின் கணக்கில் சிறுசிறு முக்கோணங்களே. அவற்றைப் பார்ப்பவனின் நோக்கிற்கேற்பத் திருப்பி அமைத்தல், முன்னிருப்பது பின்னிருப்பதை மறைக்கச் செய்தல், ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தைத் தேர்ந்து இடுதல் ஆகியவை வரைகலை அட்டையின் தொழில்கள். அகலத்தில் 1,024 புள்ளிகளும் உயரத்தில் 768 புள்ளிகளும் கொண்ட ஒரு திரையில் மொத்தம் 786,432 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில் வினாடிதோறும் 47 மில்லியனுக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். இக்காலத்தில் பரவலாக வழங்கும் 3,840க்கு 2,160 என்னும் திரைக்கு இத்தொகை ஏறத்தாழ 498 மில்லியனாக உயர்கிறது.

இப்பெருந்தொகை அச்சுறுத்தலாம். ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. திரையின் ஒரு மூலையில் உள்ள புள்ளியின் நிறத்தைக் கணக்கிட, மறு மூலையிலுள்ள புள்ளியின் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆகவே வேலையைப் பலரிடம் பங்கிட்டுக் கொடுக்க இயலும். ஓர் அட்டைக்குள்ளேயே பல கணக்குக் கூறுகள் ஒருங்கே இயங்குவது இதனாலேயே. ஓர் அட்டைக்குள் செய்யத்தக்கதை இரண்டு அட்டைகளுக்கும் நீட்டலாமே என்று எண்ணியதன் விளைவே இரட்டை அட்டை முறை.

ஒற்றை வரியும் இரட்டை வரியும்

3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் கையாண்ட வழி மிக எளியது. திரையிலுள்ள வரிகளை மேலிருந்து கீழாக எண்ணி, ஒற்றைப்படை வரிகளை ஓர் அட்டையும் இரட்டைப்படை வரிகளை மற்றோர் அட்டையும் வரையுமாறு செய்தனர். இதற்கு ஸ்கேன்-லைன் இன்டர்லீவ், சுருக்கமாக எஸ்.எல்.ஐ., என்று பெயரிட்டனர். வரி இடைப்பின்னல் என்று இதனைத் தமிழில் கூறலாம். பாய் முடைவோர் கோரையை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோப்பது போன்றதே இதுவும். இரு அட்டைகளையும் கணினிக்குள் ஒரு சிறு பட்டைக் கம்பி இணைத்தது. வரையப்பட்ட வரிகள் ஒன்றுசேர்ந்து ஒரே படமாகத் திரைக்குச் சென்றன.

அடுத்தடுத்த வரிகளைப் பங்கிட்டதில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. திரையை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்திருந்தால் வானத்தை வரைபவருக்கு வேலை குறைவாகவும், தரையையும் பகைவரையும் வரைபவருக்கு வேலை மிகுதியாகவும் இருந்திருக்கும். ஒன்றுவிட்டு ஒரு வரி எனப் பிரித்ததால் வானத்தில் பாதியும் தரையில் பாதியும் இருவருக்கும் கிடைத்தன. பங்கு ஏறத்தாழ நேராயிற்று.

இதனால் விரைவு மட்டுமன்றி வேறொரு பயனும் விளைந்தது. வூடு 2 அட்டை ஒன்றில் படத்தைச் சேமிப்பதற்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் 4 மெகாபைட், அதாவது 4,194,304 பைட். திரையில் காட்டப்படும் படம், அடுத்து வரையப்படும் படம், எது முன், எது பின் என்னும் ஆழக்கணக்கு ஆகிய மூன்றும் அதில் அடங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் புள்ளி ஒன்றுக்கு 2 பைட் தேவை. 800க்கு 600 புள்ளித் திரைக்கு மூன்றும் சேர்ந்து 2,880,000 பைட் ஆகும்; இஃது அடங்கும். 1,024க்கு 768 புள்ளித் திரைக்கோ 4,718,592 பைட் ஆகும், இஃது அடங்காது. ஆனால் இரண்டு அட்டைகள் வரிகளைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றும் பாதியை, 2,359,296 பைட்டை மட்டுமே சுமக்க வேண்டும். ஆகவே ஓர் அட்டையால் காட்டவே முடியாத பெரிய படத்தை இரண்டு அட்டைகள் காட்டின. ஒற்றை மாட்டால் அசைக்கவியலாத பாரத்தை இரட்டை மாடு இழுத்ததற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எனினும் எல்லாம் இரு மடங்காகிவிடவில்லை. சுவரின் செங்கல், மரத்தின் பட்டை போன்ற மேற்பரப்புப் படங்கள் எந்த வரியிலும் தேவைப்படலாம். ஆதலால் அவை இரு அட்டைகளிலும் தனித்தனியே இருத்தல் வேண்டும். 12 மெகாபைட் அட்டையில் இதற்கென இருந்த நினைவகம் 8 மெகாபைட். இரண்டு அட்டைகளை வாங்கினாலும் அந்த 8 மெகாபைட்டே பயன்பட்டது. அதன் மறுபடியே இரண்டாம் அட்டையில் இருந்தது. அன்றியும் வூடு 2 முப்பரிமாணப் படத்தை மட்டுமே வரைந்தமையால், எழுத்துகளையும் பிறவற்றையும் காட்ட மூன்றாவது அட்டையொன்றும் கணினியில் இருந்தாக வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும்

இம்முறையைக் கண்ட நிறுவனம் நீண்ட நாள் வாழவில்லை. 1998ஆம் ஆண்டின் இறுதியில் 3டிஎஃப்எக்ஸ், எஸ்.டி.பி. என்னும் அட்டைத் தயாரிப்பு நிறுவனத்தை வாங்கித் தன் அட்டைகளைத் தானே செய்ய முடிவுசெய்தது. சில்லு வாங்கும் வாடிக்கையாளராக இருந்த கிரியேட்டிவ் போன்ற நிறுவனங்கள் வேறிடம் நாடலாயின. 2000ஆம் ஆண்டில் 3டிஎஃப்எக்ஸ், ஒரே அட்டையில் இரண்டு சில்லுகளைப் பொருத்தி வூடு 5 5500 என்பதை வெளியிட்டது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே தன் உடைமைகளை என்விடியா நிறுவனத்திற்கு விற்க உடன்பட்டது.

நான்காண்டுகள் கழித்து, 2004இல், என்விடியா அதே எஸ்.எல்.ஐ. என்ற எழுத்துகளை மீண்டும் பயன்படுத்தியது. ஆனால் விரிவு மாறிவிட்டது: ஸ்கேலபிள் லிங்க் இன்டர்ஃபேஸ் என்பது புதிய பெயர். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் புதிய இணைப்பு முறை, தாய்ப்பலகை ஒன்றிலேயே இரண்டு விரைவான அட்டைகளைச் செருக இடந்தந்தது. 2005இல் ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்ஃபயர் என்ற பெயரில் போட்டி முறையொன்றைக் கொணர்ந்தது. 2006இல் அந்நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கியது.

இவர்கள் வரி இடைப்பின்னலைக் கைக்கொள்ளவில்லை. புதிய விளையாட்டுகளில் ஒரு புள்ளியின் நிறத்தை முடிவு செய்ய அண்டைப் புள்ளிகளையும் நோக்க வேண்டியிருந்தது. ஒன்றுவிட்டு ஒரு வரியை மட்டும் வைத்திருக்கும் அட்டைக்கு அண்டை வரி தெரியாது. ஆகவே வேறு இரு வழிகள் வழக்கில் வந்தன. ஒன்று, ஒரே படத்தை மேல், கீழ் எனப் பிரித்து, வேலையின் அளவை நோக்கி எல்லைக் கோட்டை நகர்த்திக்கொண்டே இருத்தல். மற்றொன்று, முதற்படத்தை ஓர் அட்டையும் அடுத்த படத்தை மற்றோர் அட்டையுமாக மாறிமாறி வரைதல். பின்னதே பெருவழக்காயிற்று.

ஏன் இரு மடங்கு ஆகவில்லை?

மாறிமாறி வரையும் முறையில் குறைகள் மூன்று தென்பட்டன.

முதலாவது, சீரின்மை. வினாடிக்கு 60 படங்கள் என்றால் படத்திற்குப் படம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி இடைவெளி இருக்க வேண்டும். இரு அட்டைகளும் ஒத்திசையாவிடில், ஒரு படம் 5 மில்லிவினாடியிலும் அடுத்தது 28 மில்லிவினாடியிலும் வந்து சேரலாம். கூட்டிப் பார்த்தால் வினாடிக்கு 60 படங்களே, எண்ணிக்கை குறையாது. ஆனால் கண் எண்ணிக்கையைக் காண்பதில்லை, இடைவெளியைக் காண்கிறது. ஆதலால் படம் திக்கித்திக்கி ஓடுவதாகத் தோன்றும். தாளம் தவறிய பாட்டில் மொத்த அடிகள் சரியாக இருந்து என்ன பயன்?

இரண்டாவது, சார்புடைமை. ஆயிரம் விடைத்தாள்களை இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டு பாதி நாளில் திருத்தி முடிக்கலாம். ஆனால் தொடர்கதையின் முதல் அத்தியாயத்தை ஒருவரும் இரண்டாம் அத்தியாயத்தை மற்றவரும் ஒரே நேரத்தில் எழுத முடியாது. இரண்டாமவர் முதல்வரின் கதையைப் படித்தாக வேண்டும். அண்மைக்கால விளையாட்டுகள், முன்சென்ற படத்திலிருந்து செய்திகளை எடுத்தே அடுத்த படத்தின் விளிம்புகளைச் செம்மைப்படுத்துகின்றன. அப்படம் மற்ற அட்டையில் இருக்கிறது. அதைக் கொணரும் வரையில் இந்த அட்டை காத்துக்கிடக்க நேர்கிறது. விடைத்தாள் திருத்துவதாக இருந்த வேலை, கதை எழுதும் வேலையாக மாறிவிட்டது எனலாம்.

மூன்றாவது, பங்கிட இயலாத பகுதி. ஜீன் அம்தால் என்னும் கணினி அறிஞர் 1967இல் இதனை எடுத்துக்காட்டினார். அம்தால் விதி என்று அது வழங்கப்பெறுகிறது. ஒரு படத்திற்கு 20 மில்லிவினாடி ஆகிறதெனவும், அதில் 16 மில்லிவினாடி மட்டுமே அட்டைகளுக்குள் பங்கிடத்தக்கது எனவும் கொள்க. எஞ்சிய 4 மில்லிவினாடி எவ்வாற்றானும் குறையாது. இரண்டு அட்டைகள் இருந்தால் 8ம் 4ம் சேர்ந்து 12 மில்லிவினாடி ஆகும். வினாடிக்கு 50 படங்கள் என்பது 83 ஆகுமேயன்றி 100 ஆகாது. நான்கு அட்டைகள் வைத்தால் 125 ஆகும், 200 ஆகாது. ஆயிரம் அட்டைகளை அடுக்கினாலும் 250ஐ எட்ட இயலாது.

செலவு மட்டும் குறைவின்றி இரு மடங்காகிறது. 2017இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. அட்டைக்கு வகுக்கப்பட்ட மின்வலு 250 வாட். இரண்டாம் அட்டையை முழு அளவில் நாளொன்றுக்கு 4 மணி நேரம் இயக்கினால் ஒரு கிலோவாட் மணி மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். திங்களுக்கு 30 கிலோவாட் மணி. அவ்வளவும் வெப்பமாக அறைக்குள்ளேயே பரவும். சிங்கப்பூரின் வீவக வீட்டுச் சிற்றறையில் அவ்வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டியும் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நுகம் கழற்றப்பட்டது

ஒவ்வொரு புதிய விளையாட்டிற்கும் அதற்கேற்ற பங்கீட்டு முறையை அட்டை நிறுவனமே தன் மென்பொருளில் எழுதிக்கொடுத்து வந்தது. 2015இல் விண்டோஸ் 10 உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12 இப்பொறுப்பை விளையாட்டை ஆக்குவோரிடம் ஒப்படைக்க வழிவகுத்தது. இரு வேறு நிறுவனங்களின் அட்டைகளைக்கூட ஒன்றாகப் பூட்டலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி என்னும் விளையாட்டு அதைச் செய்தும் காட்டியது. ஆனால் இரண்டு அட்டை வைத்திருப்போர் மிகச் சிலர். அச்சிலருக்காக மிகுந்த உழைப்பைச் செலவிட விளையாட்டு ஆக்குவோரில் பெரும்பாலோர் முன்வரவில்லை.

முடிவு விரைந்து வந்தது. ஏ.எம்.டி. 2017இல் கிராஸ்ஃபயர் என்ற பெயரைக் கைவிட்டது. 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து பழைய அட்டைகளுக்குப் புதிய எஸ்.எல்.ஐ. அமைப்புகளை எழுதப் போவதில்லை என்று என்விடியா 2020 செப்டம்பரில் அறிவித்தது. அவ்வாண்டு வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 30 வரிசையில் 3090 என்னும் ஒன்றில் மட்டுமே இணைப்பு வாயில் இருந்தது. 2022இல் வந்த 4090 அட்டையில் அதுவும் நீக்கப்பட்டது. ஆகவே விளையாட்டிற்காகக் கணினி வாங்குவோர், இரண்டு நடுத்தர அட்டைகளுக்கு ஆகும் பொருளை ஒரே நல்ல அட்டையில் இடுவதே அறிவுடைமை. பழைய அட்டைகள் இரண்டு மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்காக மயங்குதல் கூடாது.

தமிழுக்குப் பூட்டிய நுகம்

விளையாட்டில் கழற்றப்பட்ட நுகம் வேறோர் ஏரில் பூட்டப்பட்டது. ஏ.ஐ. சிங்கப்பூர் என்னும் தேசிய அமைப்பு, தென்கிழக்காசிய மொழிகளுக்கென உருவாக்கிய சீ-லயன் என்னும் மொழி மாதிரியை 2023 டிசம்பரில் வெளியிட்டது. அதன் முதற்பதிப்பில் இடம்பெற்ற 11 மொழிகளுள் தமிழும் ஒன்று. ஏறத்தாழ 7 பில்லியன் எண்களால் ஆகிய அம்மாதிரியைப் பயிற்றுவிக்க என்விடியாவின் ஏ100 அட்டைகள் 256 ஒருங்கே 22 நாள்கள் உழைத்தன. அவ்வேலையை ஒரே அட்டையிடம் ஒப்படைத்திருந்தால் 15 ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கும். அதற்கும் முன்பாக, மாதிரியையே அதில் வைக்க இடம் போதாது. பயிற்சியின்போது எண் ஒன்றுக்கு ஏறத்தாழ 16 பைட் எனக் கொண்டாலும் 112 கிகாபைட் தேவை. அப்பயிற்சியில் பயன்பட்ட அட்டையிலோ 40 கிகாபைட் மட்டுமே. 1998இல் 4 மெகாபைட்டில் அடங்காத படத்தை இரண்டாகப் பகுத்த அதே கணக்குத்தான் இங்கும் வந்து நிற்கிறது.

விளையாட்டில் தோற்ற பங்கீடு இங்கு வெல்வதற்குக் காரணங்கள் உள்ளன. படிக்க வேண்டிய பாடப்பகுதிகளை அட்டைகளுக்கிடையே பிரித்துக் கொடுக்கலாம். ஒன்று படிப்பதற்கு மற்றொன்று படித்து முடிக்க வேண்டுவதில்லை. இது விடைத்தாள் திருத்தும் வகையைச் சேர்ந்த வேலை. 16 மில்லிவினாடிக்குள் விடை தராவிடில் கண் உறுத்தும் என்ற நெருக்கடியும் இல்லை. ஆயினும் நுகத்தின் இயல்பு மாறவில்லை. ஒவ்வொரு படியிலும் எல்லா அட்டைகளும் தாம் கண்ட திருத்தங்களை ஒன்றுசேர்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லும். ஓர் அட்டை தாமதித்தால் எஞ்சிய 255ம் காத்திருக்கும். விரைந்து நடக்கும் காளையும் மெல்ல நடக்கும் காளையோடுதான் சேர்ந்து செல்ல வேண்டும்.

ஆகவே இரட்டை அட்டை முறை பயனற்றதென்று தள்ளுவதும், எங்கும் பயன்படுமென்று கொள்ளுவதும் தவறு. வேலையை முதலில் ஆராய வேண்டும். அதன் பகுதிகள் ஒன்றையொன்று எதிர்பாராமல் நிற்கக்கூடியனவா என்று பார்க்க வேண்டும். பங்கிட முடியாத பகுதி எவ்வளவென்று அளக்க வேண்டும். அதன் பின்னரே ஆளைக் கூட்டுவது பற்றி எண்ணலாம். கணினிக்கு மட்டுமன்றிப் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் இது பொருந்தும்.

தமிழாசிரியர்கள் கருத்திற்கொள்ள வேண்டியது இன்னுமொன்று உண்டு. அட்டைகள் 256 ஆனாலும் 2,560 ஆனாலும், அவற்றின்முன் வைக்கப்படும் தமிழ் எவ்வளவோ அவ்வளவே அவை கற்கும். பிழையான தமிழை வைத்தால் பிழையை விரைவாகக் கற்கும். எத்தனை காளைகளைப் பூட்டினாலும், விதை நெல் இல்லாத வயலில் விளைச்சல் இராது. அந்த விதை நெல்லைத் தருவோர் நல்ல தமிழை எழுதுவோரும் கற்பிப்போருமே ஆவர்.